கிளைமாக்ஸை மாத்து!

டிக்கெட் எடுத்தவன் ஹீரோவின் உயிருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறான் என்பது நம்மூர்ச் சட்டம். 1962-ல் ‘பாசம்’ படத்தில் டி.ஆர். ராமண்ணா எம்.ஜி.ஆரைச் சாகடித்துப் பார்த்தார். ரசிகர்கள் மனு எழுதவில்லை, கோர்ட்டுக்குப் போகவில்லை. தியேட்டர் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வாத்தியார் சாட்டையடி படலாம், சங்கிலியில் கிடக்கலாம், சாகக் கூடாது. (‘மதுரை வீர’னில் மாறுகால் மாறுகை வாங்கியும் படம் ஓடியதே என்பீர்கள். அதில் அவர் தெய்வமாகிவிடுகிறார். அது பதவி உயர்வு.)

இந்தச் சட்டம் வீடியோ கேமுக்குச் செல்லுமா என்று என் அக்கா மகன் கேட்டான். அவன் ஆடியது ‘மாஸ் எஃபெக்ட்’. 2007-ல் தொடங்கி மூன்று பாகம். யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்ற பாவத்தையெல்லாம் ஆடுகிறவன் தலையில் கட்டிவிட்டு, 2012-ல் வந்த மூன்றாம் பாகத்தின் கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வழி காட்டினார்கள். எதில் போனாலும் கிட்டத்தட்ட அதே வெடி. கலர்தான் வேறு.

“இன்னா மாமா இது? ராவெல்லாம் முழிச்சி ஆடிக்கீறேன். கடைசில மத்தாப்பு காட்டி வூட்டுக்கு அனுப்புறான்!”

அவனைவிடக் கோபக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவர் அரசின் வணிக ஆணையத்திலேயே புகார் கொடுத்துவிட்டார். இன்னொரு கூட்டம் காசு வசூலித்து, மூன்று கலர் க்ரீம் வைத்த சுமார் 400 கப் கேக்குகளைக் கனடாவிலிருக்கும் பயோவேர் கம்பெனிக்கு அனுப்பியது. எந்தக் கலரைக் கடித்தாலும் வெனிலாதான். எதிர்ப்பைத் தின்னக் கொடுத்த அந்த மகான்கள் மேல் எனக்கு அபார மரியாதை. நம் பக்கமென்றால் பேனர்தான் கிழிந்திருக்கும். கம்பெனி அந்த ஜூன் மாதமே இலவசமாக ஒரு நீட்டிப்பு விட்டது. முடிவு மாறவில்லை; ஏன் இப்படி முடிந்தது என்ற விளக்கம்தான் நீண்டது.

கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா? உண்டு என்பேன். சினிமாக்காரர் நம்மை எதுவும் கேட்பதில்லை. இந்த விளையாட்டோ அடிக்கொருதரம் நம்மைக் கேட்டுக் கேட்டுத்தான் கதையை நகர்த்தியது; கடைசியில் மட்டும் வாயை மூடு என்றால் எப்படி? ஆனால் அது கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னல் சீட் கேட்கிற உரிமை. கேட்கலாம். கிடைக்காவிட்டால் தொங்கிக்கொண்டு போகவேண்டும்.

யாருமே கேட்காமல் மாற்றுவதுதான் எனக்குப் புரியவில்லை. 2013-ல் வந்த ‘அம்பிகாபதி’யில் தனுஷ் கடைசியில் செத்துப்போவார். 2025 ஆகஸ்டில், படத்தை வைத்திருந்த ஈராஸ் கம்பெனி செயற்கை நுண்ணறிவை வைத்து அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்விழிக்க வைத்து மறுபடி வெளியிட்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராய் கொதித்தார். படத்தின் ஆன்மாவையே பறித்துவிட்டார்கள் என்று தனுஷ் அறிக்கை விட்டார். பிழைத்தவரே பிழைத்ததற்காக வருத்தப்பட்ட கேஸ் மருத்துவ உலகில்கூட அபூர்வம்.

அந்த மிஷின் சும்மா கிடக்குமானால் என்னிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. 2001-ல் அஜித்தின் ‘சிட்டிசன்’ வந்தது. அதில் மேப்பிலிருந்தே காணாமல் போகிற ஊர் அத்திப்பட்டி. நான் இருப்பது அத்திப்பட்டு. கடைசி எழுத்தைத் திருத்திச் சொல்வதற்குள் கேட்டவர், “அய்யோ பாவம், தப்பிச்சது நீங்க மட்டும்தானா?” என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். கிளைமாக்ஸில் எனக்குத் தகராறு இல்லை. ‘இவ்வூர் மீஞ்சூருக்கு இந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறது, ரயில் நிற்கும்’ என்று ஒரு கார்டு போட்டால் போதும். டிவியில் அந்தப் படம் ஓடுகிற கரண்டில் கொஞ்சம் எங்கள் வடசென்னை அனல்மின் நிலையம் கொடுப்பதுதானே.

மறுத்தால் கப் கேக் அனுப்புவோம். மூன்று கலரெல்லாம் செலவு. மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் எங்கள் ஊரில் எல்லாமே ஒரே சாம்பல் கலர்தான்.