கடைசி எழுத்து மட்டும் வகுப்புக்கு

நம் கணக்கு சார் முழுச் சொல் பேசுவதில்லை. முக்கால் சொல்லில் நிறுத்தி, சாக்பீஸை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி வகுப்பைப் பார்ப்பார். மிச்சத்தை வகுப்பு சொல்ல வேண்டும்.

"மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ள...?"

"ஸ்!"

"அந்தப் பக்கம் கொண்டு போனா குறி மா...?"

"றும்!"

"அப்போ ரெண்டையும் பெருக்க...?"

"ணும்!"

"மிச்சம் பூஜ்ஜி...?"

"யம்!"

அடுத்த அறையில் தமிழ் நடத்துகிறவன் நான். நடுவில் இருப்பது கூரை வரை எட்டாத ஒரு சுவர். சார் சொல்வது அதைத் தாண்டிப் பெரும்பாலும் வராது. நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சொல்வது வரும். ஆகவே ஆண்டு முழுக்கக் கணக்குப் பாடத்தின் ஈற்றெழுத்துகள்தான் அதிகம் என் காதில் விழுகின்றன. எழுத்து முதல், சார்பு என இருவகைப்படும் என்று நான் இந்தப் பக்கம் நடத்திக்கொண்டிருப்பேன். நன்னூலாருக்குத் தெரியாத மூன்றாவது வகை அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

சாரைக் கேட்டால் இதற்குப் பெயர் கலந்துரையாடல். "நம்ம கிளாஸ் எப்பவுமே இன்ட்ராக்டிவ் சார். நான் பாட்டுக்கு நின்னு லெக்சர் அடிக்கிற ஆள் கிடையாது" என்பார். கேள்வியின் தரத்துக்கு ஏற்ப எழுத்துகளின் எண்ணிக்கையையும் அவர் கூட்டிக் குறைப்பதுண்டு. சுலபமான கேள்விக்கு ஓர் எழுத்து. மூளையைக் கசக்க வேண்டிய கேள்விக்கு இரண்டு. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் முழுச் சொல்லே கிடைக்கும் என்பது ஐதீகம்.

பத்தாம் வகுப்புக்கு வடிவியல் நடக்கும்போதுதான் இந்த முறையின் முழு அழகும் தெரியும்.

"இதுக்குப் பேரு தேல்ஸ் தேற்...?"

"றம்!"

"அடுத்து, கோண இருசமவெட்டித் தேற்...?"

"றம்!"

"இது எல்லாருக்கும் தெரியும், பிதாகரஸ் தேற்...?"

"றம்!"

மூன்றும் பொதுத்தேர்வுக்கு முக்கியமான தேற்றங்கள். மூன்றுக்கும் ஒரே விடை. 'றம்' சொல்லத் தெரிந்தவனுக்கு யூக்ளிட் வரைக்கும் பயமில்லை.

ஆபத்து எங்கே வருகிறதென்றால், ஒருவன் மட்டும் வேறு எழுத்தைச் சொல்லும்போது. "குறி மா...?" என்றதும் எல்லாரும் "றும்" என்று சொல்ல, எவனோ "றாது" என்றுவிடுவான். சார் திரும்புவார். "யாருடா அது, மாறாதுன்னு சொன்ன மேதை?" வகுப்பே சிரிக்கும். அவன் எதற்காக அப்படி நினைத்தான் என்று கேட்டிருந்தால், பெருக்கலில் இருக்கும் எண்ணை அந்தப் பக்கம் கொண்டு போனால் குறி மாறாமல் வகுத்தலுக்குத்தானே போகும் என்று சொல்லியிருப்பான். பாதி நியாயம் அவன் பக்கம் இருந்தது. கேட்கவில்லை. அவனும் அன்றோடு ஈற்றெழுத்தைக்கூட நிறுத்திக்கொண்டான்.

சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைக்கும் பிள்ளைகளையும் சார் கவனிக்கிறார். அவர்களைப் பேச வைக்க வேண்டும் என்ற அக்கறை அவருக்கு நிஜமாகவே உண்டு. "ஏம்மா, ஜன்னல் ஓரம், நீ சொல்லு" என்பார். அந்தப் பெண் பென்சிலை வைத்துவிட்டு எழுந்திருப்பாள். நிமிர்ந்து பலகையைப் பார்ப்பதற்குள், "சொல்லு சொல்லு... ஈசிதான்... ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர்... ஏ பிளஸ் பி இன்ட்டு ஏ மைனஸ்...?" என்று சாரே ஓடிப் போயிருப்பார். வகுப்பு "பி!" என்று முடித்துவிடும். "ம், உட்காரு. வாயைத் திறந்து பேசணும்மா. பேசினாத்தான் கணக்கு வரும்." அவள் எழுந்ததற்கும் உட்கார்ந்ததற்கும் நடுவே ஒரு கொட்டாவிக்குக்கூட நேரமில்லை.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் இந்தக் காத்திருப்பு நேரத்தை அளந்திருக்கிறார். வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து கேட்டதில், கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக நீட்டச் சொன்னதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். நம் சாரின் குரல் அந்த நாடாவில் ஏறியிருந்தால் சராசரி இன்னும் இறங்கியிருக்கும்.

மூன்று விநாடிச் செய்தியை ஒருநாள் டீ குடிக்கும்போது சாரிடம் சொன்னேன். "அருமையான ஐடியா சார்" என்று கண் விரியக் கேட்டுக்கொண்டார். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கேள்வி விழுந்தது. அப்புறம் சார் வாய்விட்டு எண்ணுவது இந்தப் பக்கமே கேட்டது. "ஒண்ணு... ரெண்டு... மூ...?"

"ணு!" என்றது வகுப்பு.

சார் ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வந்தபோதும் இப்படித்தான். ஃபிராங்க் லைமன் என்பவர் 1981இல் எழுதிய முறை ஒன்றை அங்கே சொல்லித் தந்திருக்கிறார்கள்: முதலில் தனியாக யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசு, பிறகு வகுப்புக்குச் சொல். கூச்சக்காரப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, ஏனென்றால் நாற்பது பேர் காதுக்குப் போகும் முன் அந்தப் பதில் ஒரு சிநேகிதியின் காதில் ஒத்திகை பார்த்துவிடுகிறது. சாரும் செய்தார். "எல்லாரும் யோசிங்க. யோசிச்சாச்சா? இப்போ பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசுங்க." பேசினார்கள். "ஏய், என்ன அங்க பேச்சு?" என்று அதட்டல் வந்தது.

டிசம்பர் 22 வந்தால் தேசியக் கணித தினம். சின்ன வயது ராமானுஜனைப் பற்றிச் சொல்லப்படும் அந்தக் கதையைச் சார் உருகி உருகிச் சொல்வார். மூன்று வாழைப்பழத்தை மூன்று பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று என்று ஆசிரியர் சொல்ல, பழமே இல்லாமல் ஆளும் இல்லாமல் பகிர்ந்தாலும் ஆளுக்கு ஒன்றா என்று பையன் கேட்ட கதை. "கேள்வி கேட்டான், மேதையானான்!" என்று முடிப்பார். ஜனவரியில் ஜன்னல் ஓரத்துப் பெண், வருஷத்திலேயே முதல் முறையாக, தானாக எழுந்து கேட்டாள்: "மைனஸ் இன்ட்டு மைனஸ் ஏன் சார் பிளஸ்?"

"அது ரூல்மா. எழுதிக்கோ."

அந்தக் கேள்விக்குப் பேச்சே தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. மைனஸ் இரண்டை 3ஆல் பெருக்கினால் மைனஸ் 6. 2ஆல் பெருக்கினால் மைனஸ் 4. 1ஆல் பெருக்கினால் மைனஸ் 2. பூஜ்ஜியத்தால் பெருக்கினால் பூஜ்ஜியம். ஒவ்வொரு வரிக்கும் விடை இரண்டு கூடிக்கொண்டே வருகிறது. அடுத்து மைனஸ் ஒன்று: விடை என்ன? இவ்வளவையும் பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நின்றால் போதும். எவ்வளவு கூச்சப்படுகிற பிள்ளையும் ரஃப் நோட்டில் பிளஸ் 2 என்று எழுதிவிடும். தமிழ் வாத்தியார் எனக்கே விளங்குகிறது.

சாரை மொத்தமாகக் கரித்துக்கொட்டவும் மனம் வரவில்லை. பள்ளி விட்ட பிறகு சைக்கிள் ஸ்டாண்டில் பார்க்க வேண்டும். எவனாவது நோட்டோடு தயங்கி நின்றால் பைக் சீட்டையே மேசையாக்கிக்கொள்வார். பையன் நகத்தைக் கடிப்பான், தலையைச் சொறிவான், தப்பாக எழுதி அடிப்பான். சார் வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். கிராஃப் தாள் இல்லாதவனுக்குத் தன் பையிலிருந்து எடுத்துத் தருவார். அங்கே சாருக்கு மணி அடிக்காது, போர்ஷன் துரத்தாது. வகுப்புக்குள் துரத்துகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் 14 ஒரு மதிப்பெண் வினா, ஒரு வடிவியல், ஒரு வரைபடம் உட்பட 100 மதிப்பெண்ணும் எழுதியே வாங்க வேண்டியவை. வாய் திறந்ததற்கு அதில் அரை மதிப்பெண் கிடையாது. அது அவருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

சரி, போர்ஷன் முக்கியம், முடிக்கட்டும். ஆனால் பேச இடமே தராமல் ஓடிவிட்டு, பேசவில்லை என்ற பழியைப் பிள்ளை தலையில் கட்டுவது அநியாயம். பெற்றோர் கூட்டத்துக்கு, அரை நாள் கூலியை விட்டுவிட்டு, ஜன்னல் ஓரத்துப் பெண்ணின் அம்மா வந்திருந்தார்.

"நல்ல பொண்ணுதாம்மா. ஆனா கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்குறா" என்றார் சார்.

"இவளா? வீட்டுல இவ வாயை மூட வைக்க முடியலையே சார்!"

"நாங்க எல்லாருக்கும் சமமாத்தாம்மா வாய்ப்பு குடு...?" என்று பழக்கதோஷத்தில் நிறுத்தினார் சார்.

"குடுத்தா பேசுவா சார்" என்றார் அந்த அம்மா.