கலம் அறுத்தவரும் கலம் விற்றவரும்

நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்திலிருந்து சாமிகள் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பும். சரஸ்வதிக்கு யானை, நேரே கோட்டைக்குள் கொலுவிருப்பு. படிப்புக்கு என்றைக்கும் ராஜமரியாதை. வெள்ளிக்குதிரையில் வரும் வேளிமலைக் குமாரசாமிக்கோ ஜாகை ஆரியசாலையில், சாலைக் கம்போளத்து மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே! யோசித்தால் நியாயம்தான். உலகத்தைச் சுற்றி வா என்றதும் நிஜமாகவே மயிலேறிப் போன பிள்ளை அல்லவா? இருந்த இடத்திலேயே ஒரு ரவுண்டு அடித்த அண்ணனுக்குப் பழம் போனது தனிக் கேஸ்.

படிப்புக்கும் இந்த வட்டாரத்துக்கும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். காந்தளூர்ச் சாலை என்று பெரிய காலேஜ் ஒன்று இருந்தது; அது பக்கத்து வலியசாலைதான் என்பது பலர் கட்சி. அதைப் பார்த்து ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 பேருக்கு ஒரு சாலை ஆரம்பித்தான். செப்பேட்டில் ஹாஸ்டல் ரூல்ஸ்கூட உண்டு. ஆயுதத்தோடு சண்டை கூடாது. மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது. வேதம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு இப்படி ரூல் போடுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? எவனோ செய்துவிட்டான் என்று அர்த்தம்!

985இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜன், காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த'தாகக் கல்வெட்டுக் கல்வெட்டாகச் சொல்லிக்கொண்டார். சரி, கலம் என்றால் என்ன? கப்பல் என்று ஒரு கட்சி. இல்லை, சோற்றுக் கலம் என்று மறு கட்சி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்காகத் தனியாக ஒரு ஆராய்ச்சியே செய்தார். அதாவது மாமன்னர் ஒரு கடற்படையை நொறுக்கியிருக்கலாம். அல்லது மெஸ்ஸில் கை வைத்திருக்கலாம். இதில் வேடிக்கை, பின்னால் வந்த முதலாம் ராஜாதிராஜனும் முதலாம் குலோத்துங்கனும் அதே சாலையில் அதே கலத்தை அறுத்ததாகப் போட்டுக்கொண்டார்கள். அப்பா பயோடேட்டாவில் ஒரு வரி இருந்தால் பிள்ளைக்கு விட மனசு வருமா?

காலேஜ் போனது. கடை வந்தது. கொண்டுவந்தவர் ராஜா கேசவதாஸ். திருவிதாங்கூரின் திவான், ஆலப்புழைத் துறைமுகத்தை உண்டாக்கியவர், திப்பு படையெடுத்தபோது ராஜ்யத்தைக் காத்து நின்றவர். இத்தனை பெரிய மனிதர் எங்கே படித்தார் என்கிறீர்கள்? கடையில். விளவங்கோட்டுப் பக்கத்துப் பையன் கேசவ பிள்ளை, போக்குமூசா மரைக்காயரிடம் கணக்கெழுதினான். சரக்கோடு வந்த பாஷைகளையும் சேர்த்தே பிடித்துக்கொண்டான்.

அவன் அரண்மனைக்குள் நுழைந்த கதையைக் கேளுங்கள். முதலாளியோடு ராத்திரி போனவன் மகாராஜா அறைவாசலிலேயே தூங்கிப்போனானாம். விடிந்ததும் ராஜா முழித்தது இந்த முகத்தில். அபசகுனம்! பிடி, அடை! கொஞ்ச நேரத்தில் சேதி வருகிறது: அரிசிக் கப்பல்கள் கரை சேர்ந்துவிட்டன. உடனே அபசகுனம் அதிர்ஷ்டமாகிவிட்டது. பையனுக்கு அரண்மனை வேலை. இன்டர்வியூவில் கேள்வியே இல்லை, மூஞ்சியை வைத்தே ஃபெயிலும் பாஸும். ராஜாக்களின் மூளை எந்த நேரத்தில் எப்படி வேலை செய்யும் என்று அன்றைக்கே அவன் கற்றிருப்பான்.

கற்றும் பிரயோஜனம் இல்லை. 1798இல் பட்டமேறிய பதினாறு வயது பாலராம வர்மாவுக்கு அந்த முகம் மறுபடி அபசகுனமாகிவிட்டது. பதவி போய், வீட்டுச் சிறை வந்து, 1799இல் கேசவதாஸ் செத்துப்போனார். விஷம் என்கிறார்கள். அந்த முறை எந்தக் கப்பலும் வரவில்லை.

அவர் போட்ட அந்தச் சாலைக் கடைத்தெரு மட்டும் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கம் வரை இன்றும் இரைகிறது. அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தார் 1934இல் பிறந்த ஆ. மாதவன். சினிமாவில் எழுத்தாளன் என்றால் கடற்கரை வேண்டும், தாடி வேண்டும். இவருக்குக் கல்லாப்பெட்டி போதும். கண்ணெதிரே சுமட்டுக்காரன், போக்கிரி, பிழைக்கத் தெரிந்தவன், தெரியாதவன் எல்லாரும் டிக்கெட் இல்லாமல் நடித்துக் காட்டினார்கள். அண்டாவுக்கு விலை சொல்லிக்கொண்டே அவர் பார்த்ததுதான் 'கடைத்தெருக் கதைகள்'. உலகம் சுற்ற மயில்கூட வேண்டியிருக்கவில்லை. உலகமே பேரம் பேச வந்துவிட்டது!

சாகித்ய அகாடமி அவரைக் கவனித்தது 2015இல், எண்பது தாண்டியபிறகு. சரி, கடைத்தெருக் கதைகளுக்குத்தானே? இல்லை. 'கிருஷ்ணப்பருந்து' நாவலுக்கா? அதுவும் இல்லை. 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரைப் புத்தகத்துக்கு. பழத்தை வழக்கம்போல ஆள் மாற்றித்தான் கொடுத்தார்கள். என்ன, இந்தத் தடவை இரண்டு ஆளும் அவரேதான்.

2021 ஜனவரியில் மாதவன் போய்விட்டார். எனக்கு ஒரே குறை. காந்தளூர்ச் சாலையில் அறுத்தது எந்தக் கலம் என்று ஆராய்ச்சியாளர்கள் இத்தனை காலம் முட்டிக்கொண்டார்களே, எவராவது எட்டிப்போய் அந்தக் கடையில் கேட்டார்களா? கேட்டிருந்தால் அவர் தலையைக்கூடத் தூக்காமல் சொல்லியிருப்பார்: "பித்தளையா, எவர்சில்வரா? அதைச் சொல்லும் முதல்ல."