பாட்டியல் சொல்லாத பருவம்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களிடத்தில் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. எங்கள் வீட்டுச் சின்னவள் நடக்கத் தொடங்கிய பிறகு அந்த மரியாதை பன்மடங்கு பெருகியிருக்கிறதென்றால், அதற்குக் காரணம் அவர்களுடைய கவித்துவத்தைக் காட்டிலும் அவர்களுடைய முன்யோசனைதான். குழந்தையின் வளர்ச்சியைக் காப்பில் தொடங்கிப் பத்துப் பருவங்களாக வகுத்துக்கொண்டு, 3-ஆம் மாதம் முதல் 21-ஆம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் ஒவ்வொரு பருவத்தையும் பாடலாம் என்று பாட்டியல் நூலார் கணக்குச் சொல்லுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை என்ன செய்தது என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. வேறு கணக்குச் சொல்லுகிற நூல்களும் உண்டே என்று பண்டிதர்கள் ஆட்சேபிக்கலாம். ஆனால் இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் காலை முதல் இரவு வரை வீட்டில் வைத்துச் சமாளித்த எந்தப் பண்டிதரும், கடைசியில் என் கட்சிக்குத்தான் வந்து சேருவார்.

முதல் ஏழு பருவங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிவினை: ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். அதாவது, சிறுமியர் கூடி மணலில் வீடு கட்டுவார்களாம். ஆண்பிள்ளை அதைக் காலால் சிதைக்க வருவானாம். வேண்டாம் ஐயா என்று அவர்கள் கெஞ்சுவார்களாம். பெண்பிள்ளையோ அம்மானைக் காயை எறிந்து பிடித்துக்கொண்டும், ஆற்றில் நீராடிக்கொண்டும், ஊஞ்சலில் ஆடிக்கொண்டும் ஒருவருக்கும் உபத்திரவமின்றிப் பொழுதைப் போக்குவாளாம். இந்த இலக்கணத்தை வகுத்த பெரியவர், இரண்டு பெண்கள் வளருகிற வீட்டின் திண்ணையில் அரை நாழிகைகூட உட்கார்ந்திருக்க மாட்டார் என்பது என் துணிபு. எங்கள் வீட்டில் சிற்றில் சிதைக்கும் உத்தியோகமும், எல்லோரும் சற்றே கண்ணயர்கிற பிற்பகல் வேளையில் எவர்சில்வர்த் தாம்பாளத்தைக் கரண்டியால் முழக்கும் உத்தியோகமும், அரிசிப் படியில் கயிற்றைக் கட்டிக் கூடத்துக்கும் கொல்லைக்குமாக இழுத்துச் செல்லும் உத்தியோகமும், ஆக மூன்றும் சின்னவளிடமே இருக்கின்றன.

பெரியவளுக்கு வயது ஏழு. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய சிற்றில் பின்கட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது. செம்மரத்தில் கடைந்த ஒரு மரப்பாச்சி ஜோடி அவள் பாட்டியின் சீரோடு இந்த வீட்டுக்கு வந்தது. நவராத்திரியில் கொலுப்படியின் உச்சியில் வீற்றிருந்து, மற்ற நாட்களில் பெரியவளின் சம்சாரத்தில் உழல்வது அந்தத் தம்பதிகளின் தலைவிதி. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கல்யாணம். (வருஷத்தில் பலமுறை அவர்களுக்குக் கல்யாணம் நடக்கும், அதைப் பற்றி ஊரார் கேட்பதில்லை.) பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கூறைப்புடவை உடுத்தி, தீப்பெட்டிகளை அடுக்கி மணவறை ஜோடித்து, சொப்புப் பானைகளில் பொட்டுக்கடலையும் பொடித்த வெல்லமும் நிரப்பி, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் வாயால் அழைத்துவிட்டு, மஞ்சள் நூலைக் கையில் எடுத்த அந்தச் சுப முகூர்த்தத்தில், சின்னவள் எழுந்தருளினாள். அவள் யாரையும் அடிக்கவில்லை, எதையும் எறியவில்லை. மணவறையின்மேல் சாவதானமாக உட்கார்ந்தாள். விருந்து முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு மாப்பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் செம்புத் தண்ணீரில் முக்கி, தன் கவுன் நுனியால் முகம் துடைத்து, மடியில் குப்புறப் போட்டுத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். இப்போது அழுகை கிளம்பும், அதற்கு எதிர் அழுகையும் கிளம்பும், சமாதானம் பேச நான் போக வேண்டியிருக்கும் என்று ஈசிசேரில் படுத்திருந்த நான் அஞ்சிக்கொண்டிருக்கையில், பெரியவள் நூலைச் சுருட்டி வைத்துவிட்டுச் சபையோரைப் பார்த்து அறிவித்தாள்: "முகூர்த்தத்தைத் தள்ளி வைச்சாச்சு. மாப்பிள்ளை தூங்கறார்."

குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேற்றியபோது, அம்பிகையே ஒரு சிறுபெண் வடிவில் வந்து நாயக்கர் மடியில் உட்கார்ந்து கேட்டு, அவர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டுவிட்டு மறைந்தாள் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கேட்பவர்களுக்குப் பக்தி உண்டாகும்; எனக்கோ நாயக்கர்மேல் அனுதாபம் உண்டாகிறது. மடியில் ஏறிய குழந்தை எதையாவது கழற்றாமல் இறங்குவதில்லை. சின்னவள் கழற்றுவது விருந்தாளிகளின் மூக்குக் கண்ணாடியை. அதை அவள் எந்தப் புலவருக்கும் பரிசளிப்பதில்லை, அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிடுகிறாள். ஊருக்குப் போய்விட்ட உறவினர் ஒருவரின் கண்ணாடி, உலை கொதிக்கிற சமயத்தில் படியோடு வந்தது.

1939-ல் பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் அடையாற்றுக்கு வந்து, யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தை தன் காரியத்தைத் தானே செய்யப் பழக வேண்டும் என்றும், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் ஊற்றுவது அதற்கேற்ற அப்பியாசம் என்றும் போதித்தார். எவரும் உபதேசிக்காமலே இந்த அப்பியாசத்தில் இறங்கிய சின்னவள், நல்லெண்ணெய்த் தூக்கிலிருந்து சர்க்கரை டப்பாவுக்கு ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை என்பதை நியாயத்தை உத்தேசித்து இங்கே குறிப்பிடுகிறேன்.

பிள்ளைத்தமிழில் பாடுவதற்கு மிகக் கடினமானது அம்புலிப் பருவம் என்பார்கள். குழந்தையோடு விளையாட வரும்படி சந்திரனை அழைக்கும்போது சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நான்கு உபாயங்களையும் புலவர் பிரயோகிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த நான்கும் சின்னவளுக்குச் சோறு ஊட்டுவதற்கே செலவாகின்றன. 'கண்ணே, மணியே' என்ற சாமத்துக்கு அவள் செவிசாய்ப்பதில்லை. தானமாகக் கொடுத்த கற்கண்டை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறாள். எதிர்வீட்டுப் பாப்பாவுக்குக் கொடுத்துவிடுவேன் என்ற பேதத்துக்கு, "குடு" என்று பெருந்தன்மையோடு சம்மதிக்கிறாள். இறுதியில் பாட்டி தண்டோபாயத்தில் இறங்கி, சாப்பிடாத குழந்தைகளைப் பூச்சாண்டி வந்து பிடித்துப் போவான் என்று சொல்லிவைத்ததன் பலன், பூச்சாண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று சின்னவள் நாள்தோறும் வாசற்படியில் நின்று விசாரிப்பதும், அவனுக்கென்று ஒரு பிஸ்கோத்தை எடுத்து வைப்பதுமாக முடிந்தது.

சாஸ்திரத்தில் இல்லாத ஐந்தாவது உபாயத்தைக் கண்டுபிடித்தவள் பெரியவள்தான். மயிலாப்பூர் அறுபத்து மூவர் உற்சவக் கடையில் வாங்கிய தகர ஊதலை எடுத்துக்கொண்டாள். ரசஞ்சாதத்தைச் சிறு சிறு உருண்டைகளாக உருட்டினாள். சின்னவளின் வாய் பஸ் என்றும், உருண்டைகள் பிரயாணிகள் என்றும், தான் கண்டக்டர் என்றும் ஏற்பாடு செய்தாள். "குளக்கரை இறங்கு! லஸ் ஏறு! ராயப்பேட்டை, மவுண்ட் ரோடெல்லாம் உள்ளே போ!" என்று ஊதலை ஊத ஊத, தட்டு காலியாயிற்று. அன்று முதல் ஊதல் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு பருக்கை உள்ளே போவதில்லை. கண்டக்டர் பள்ளிக்கூடம் போயிருக்கிற பகல் வேளையில் அவளுடைய தாயாரே ஊதலை ஊத வேண்டியிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு இப்போது தெருவில் தயிர்க்காரிகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு செய்கிற பெரியவளுக்கு நாங்கள் கொடுக்கிற சம்பாவனை, "நீ பெரியவள், விட்டுக்கொடு" என்ற ஒரே வாக்கியம்தான். ஏழு வயதில் ஒருத்தி பெரியவள் ஆகிவிடுவது தங்கை பிறந்த ஒரே காரணத்தால்தான். நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கினாலும், ரிப்பனைக் கத்தரித்தாலும், சிவப்புப் பலூனை வைத்துக்கொண்டே நீலப் பலூனுக்கும் அழுதாலும், தீர்ப்பு எப்போதும் ஒன்றே. ஆயிரம் குழந்தைகளைப் பாடிய தமிழ், பக்கத்தில் நின்ற அக்காளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. யாரேனும் ஒரு நல்ல புலவர் அக்காளுக்குப் பத்துப் பருவம் வகுத்துப் பாட முன்வந்தால், விட்டுக்கொடுத்தற் பருவத்துக்கு வேண்டிய செய்திகளை நான் தந்து உதவுவேன்.

அதுவரையில், எங்கள் வீட்டுக்கு வருகிற அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். குழந்தைக்கென்று எது வாங்கினாலும் இரண்டாக வாங்கி வாருங்கள். இரண்டும் ஒரே நிறமாக இருக்கட்டும். முதலில் பெரியவள் கையில் கொடுங்கள். மூக்குக் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊதல் மட்டும் வேண்டாம்.