விழப்போற பல்லுதானே!

மூன்று வயதுப் பிள்ளை. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறுவரை கரைந்து பழுப்புக் குச்சியாக நிற்கின்றன. கடைவாயில் கறுப்புக் குழி. ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. இதற்கு நாடே சேர்ந்து ஒரு வைத்தியம் வைத்திருக்கிறது: "விழப்போற பல்லுதானே, விடும்மா." மாமியார் முதல் மருந்துக்கடைக்காரர் வரை இதில் கட்சி பேதமே இல்லை. பால் கடைவாய்ப்பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். அதுவரை பிள்ளை எதை வைத்து மெல்லும்? சீழ் இறங்கி, உள்ளே உருவாகிற நிலைப்பல்லையும் கெடுத்தால்? அதற்கும் பதில் தயார்: "அம்மாக்காரி மிட்டாய் வாங்கிக் கொடுத்தே கெடுத்துட்டா."

குற்றவாளி பிடிபட்டாள், வழக்கு முடிந்தது. மற்றவர்களையும் ஒருமுறை கூண்டில் ஏற்றிப் பார்க்கலாமே.

வடசென்னையில் எண்ணூர், திருவொற்றியூர் வீடுகளில் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிரப் பாட்டில் இருக்கும். பிள்ளைக்கு வீசிங். மூடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று காய்ந்திருக்கும். எறும்பு வரிசை கட்டியிருக்கும். அந்தப் பாட்டிலில் சர்க்கரை இருக்கிறது என்று எறும்புக்குத் தெரிகிறது, எழுதிக் கொடுப்பவருக்குத் தெரிவதில்லை. ராத்திரி இருமும்போது ஒரு மூடி ஊற்றிப் படுக்கவைப்பார்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும். பாகு விடியும்வரை பல்லிலேயே ஊறும். இன்ஹேலர் போட்டால் வாய் இன்னும் வறளும். கொப்பளிக்க வை என்று சொல்வதற்கு ஓபி வரிசையில் நேரம் ஏது?

வீசிங் எங்கிருந்து வந்தது? அதை மட்டும் கேட்கக் கூடாது. 2011இல் உயர் நீதிமன்றம் கண்டித்ததும் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்து மூக்கு பிழைத்தது. எண்ணூரில் இருப்பது மூக்குக் கணக்கில் சேராது போலிருக்கிறது. கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியாக் கசிவு. ஊரே இருமினால் விசாரணைக் குழு, பிள்ளை இருமினால் சிரப். அந்தச் சிரப்பால் பல் போனால் தாய்க்கு அறிவுரை.

அடுத்த சாட்சி நிதித்துறை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சர்க்கரைக்கு 5 சதவீதம், பற்பசைக்கு 18. பல்லைக் கெடுக்கச் சலுகை, விளக்க அபராதம். எட்டு வருஷம் கழித்து, 2025 செப்டம்பர் 22 அன்று, பற்பசையையும் 5க்கு இறக்கினார்கள். கைதட்டலாம் என்று பார்த்தால், அதே நாளில் சாக்லேட்டும் பிஸ்கட்டும் 18லிருந்து 5க்கு இறங்கிவிட்டன. சமநீதி என்றால் இதல்லவா!

மூன்றாவது சாட்சி வெளிநாட்டுக்காரர். இந்தியக் குழந்தைக்கு நெஸ்லே விற்கும் செரிலாக்கில் ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுகிறது, ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்பதில் சேர்ப்பதில்லை என்று 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு போட்டுடைத்தது. இங்கே சட்டத்தை மீறவில்லை என்றது நெஸ்லே. மீறவேண்டிய அவசியமே இல்லாதபடி சட்டம் இருக்கும்போது எதற்கு மீறுவார்கள்? பிறகு சர்க்கரை சேர்க்காத வகைகளையும் கொண்டுவந்தார்கள். ஜெர்மன் பிள்ளையின் பல் மட்டும் முதலிலிருந்தே பல்லாக இருந்திருக்கிறது.

சரி, சிகிச்சை? 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் சொத்தைப் பல்லும் உண்டு. அங்கன்வாடிக்கு வந்து பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டோடு எண்ணூரில் ரயிலேறி, பீச்சில் மாறி, கோட்டை ஸ்டேஷன் எதிரே 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகவேண்டும். ஒருநாள் கூலி போச்சு. நாற்காலியைப் பார்த்ததும் பிள்ளை வீறிடும். அந்த வயதில் பல பற்களைச் சரிசெய்ய முழு மயக்கம் தேவைப்படலாம். அதற்குத் தேதி, இன்னொரு நாள் கூலி. தனியார் பல் கல்லூரிகள் உத்தண்டியில், மதுரவாயலில், ராமாபுரத்தில் முளைத்தன. எங்கள் பக்கம் முளைத்தது சாம்பல் குளம்.

ஊசியும் வேண்டாம், ட்ரில்லும் வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது. சில்வர் டையமின் ஃப்ளூரைடு என்ற திரவம். சீழ் பிடிக்கும் முன்பே பல்லைத் துடைத்து ஒரு சொட்டுத் தடவினால் பெரும்பாலும் சொத்தை அங்கேயே நின்றுவிடும். உலக சுகாதார அமைப்பு 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அங்கன்வாடிப் பாயில் உட்காரவைத்தே தடவலாம். ஒரே குறை, சொத்தை இருக்கும் இடம் கறுத்துப்போகும். "பல்லு கறுத்தா பெத்தவங்க ஒத்துக்க மாட்டாங்களே" என்று இப்போது திடீர்க் கரிசனம்.

மொட்டைமாடியில், கொடியில் காயும் துணியில், பிள்ளை சிந்தும் சளியில் கறுப்பை இறக்கினீர்களே, அன்றைக்கு எந்தப் பெற்றவளிடம் கையெழுத்து வாங்கினீர்கள்?