ஊசிக்கு நாலு ரூபாய் மிச்சம்

திருப்பூரில் எந்த ஸ்பேர்ஸ் கடைக்குப் போனாலும், கண்ணாடி மேசை மேல் ஊசியை உருட்டிப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பார். சட்டைப் பையில் நூல் வெட்டும் கத்தரி, இன்ச் டேப், நாலாக மடித்த டெலிவரி சலான். தோளிலோ காலரிலோ ஒரு நூல் பிசிறு. ஊசி நேராக உருண்டால் தலையாட்டுவார். லேசாகத் தள்ளாடினால், பெண் பார்க்கப் போன வீட்டில் காபியில் ஈ கிடந்ததுபோல முகம் போகும். பிறகு முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுப்பார். நகத்தில் கீறல் விழுந்தால் அந்த ஊசி துணியையும் கீறும். இது தையல்காரர்களின் பழைய சோதனை. அவருடைய சொந்தச் சரக்கு அடுத்து வரும் கேள்விதான்.

"இதுலயே கொஞ்சம் கம்மியா இருக்குதுங்களா?"

இவரைப் பட்ஜெட் ஊசிக்காரர் என்று அழைப்போம். பவர் டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டின் முதலாளி. முதலாளி என்றதும் ஏசி அறையும் சுழல் நாற்காலியும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். வீட்டுக்குப் பின்னால், அப்பா காலத்தில் மாடு கட்டிய இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே 4 ஓவர்லாக், 2 பிளாட்லாக், 2 சிங்கர். (எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் நேர்த்தையல் மெஷினுக்குத் திருப்பூரில் சிங்கர் என்றுதான் பேர். அதில் உட்காருபவர் சிங்கர் டெய்லர்.) எக்ஸ்போர்ட் கம்பெனி வெட்டிக் கட்டிய பீஸ்கள் வண்டியில் வந்து இறங்கும், தைத்து அனுப்ப வேண்டும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. டெய்லர் சம்பளம், அவருக்குக் கூடமாட ஒத்தாசை செய்யும் கைமடியின் சம்பளம், கரண்ட், எண்ணெய், ஊசி எல்லாம் அந்த இவ்வளவுக்குள் அடக்கம். சனிக்கிழமை சாயந்திரம் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்த பிறகு மிஞ்சுவது அவருடைய சம்பளம். சில சனிக்கிழமைகளில் எதுவும் மிஞ்சாது.

கரண்ட் பில்லோடு பேரம் பேச முடியாது. டெய்லரிடம் பேசினால், திங்கட்கிழமை அவர் எதிர்ச்சந்து யூனிட்டில் உட்கார்ந்திருப்பார். பேரம் பேசினாலும் கோபித்துக்கொள்ளாத ஒரே ஜீவன் ஊசி.

1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி பனியன் தேடி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது என்பார்கள். 2024-25-ல் அந்த ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அத்தனை கோடியும் கம்பெனி, கான்ட்ராக்டர், சப்-கான்ட்ராக்டர் என்று சந்து சந்தாக நுழைந்து இந்தக் கொட்டகைக்கு வந்து சேரும்போது பைசாவாகியிருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி என்றது. பையர் கம்பெனியிடம் தள்ளுபடி கேட்டார். கம்பெனி கான்ட்ராக்டரைக் கேட்டது. கான்ட்ராக்டர் இவரைக் கேட்டார். இவர் யாரைக் கேட்பது? ஊசிக் கடைக்குப் போனார்.

விஷயம் தெரியாமல் மலிவு தேடுகிறவர் என்று நினைக்க வேண்டாம். சிங்கருக்கு டிபி இன்ட்டு 1, ஓவர்லாக்குக்கு டிசி இன்ட்டு 27, பிளாட்லாக்குக்கு யூஒய் 128 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பாக்கெட்டில் 65/9 என்று இருந்தால் 65 என்பது தண்டின் தடிமன், 0.65 மில்லிமீட்டர், 9 என்பது அதே தடிமனுக்கு சிங்கர் கம்பெனி வழக்கத்தில் வந்த எண். பனியன் துணி தறியில் நெய்ததல்ல, கண்ணி கண்ணியாகப் பின்னியது. அதில் கூர்முனை ஊசி இறங்கினால் கண்ணி அறும். முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி நூலை ஒதுக்கிவிட்டு நடுவில் இறங்கும். இதில் வம்பு என்னவென்றால், அறுந்த கண்ணி உடனே வாய் திறக்காது. செக்கிங்கில் தப்பும், அயர்னிங்கில் படுத்துக்கொள்ளும், பாலி பையில் சமர்த்தாகக் கப்பலேறும். ஹாம்பர்க்கில் யாரோ ஒருவர் வாங்கி முதல் தடவை துவைத்ததும் தோள்பட்டைத் தையல் ஓரமாக வரிசையாக ஓட்டை விடும்.

இவ்வளவையும் அவரே கடைக்காரருக்குப் பாடமாக எடுப்பார். ஜெர்மனியின் குரோஸ்-பெக்கர்ட் 1852-லிருந்து ஊசி செய்கிறது, சண்டிகரிலும் ஆலை வைத்திருக்கிறது, ஜப்பானின் ஆர்கன் ஊசிக்கு என்ன குணம், தங்க நிறப் பூச்சுள்ள ஊசி ஏன் அதிக நாள் உழைக்கிறது என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, மேல் தட்டில் பேர் தெரியாத பாக்கெட்டைக் காட்டுவார்.

"அது என்ன ரேட்டுங்க?"

"அது வேண்டாமுங்ணா. போன மாசம் எடுத்துட்டுப் போயி என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொன்னேன்?"

"இனிமே இந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"அது கடையச் சொன்னனுங்க. ஊசிய ஒண்ணுஞ் சொல்லலியே."

ஊசிக்கு நாலு ரூபாய் மிச்சம். வீட்டுக்கு வந்ததும் நீள நோட்டில் அதை எழுதுவார். நிமிடத்துக்கு 5,000 தையல் ஓடும் மெஷினில் ஊசி ஒரு நொடிக்கு 80 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. உரசலில் கொதிக்கிறது, பாலியஸ்டர் கலந்த துணியாக இருந்தால் இழை உருகி ஊசிக் கண்ணிலேயே ஒட்டும். நல்ல ஊசி இதைத் தாங்கும். பேரில்லாத ஊசி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முனை மழுங்கும், அல்லது முறியும். ஊசி மாற்ற மெஷின் நிற்கும். டெய்லர் டீ குடிக்கப் போவார். போனவர் வழியில் யாரையாவது பார்ப்பார். அந்த இருபது நிமிடம் நோட்டில் ஏறாது. டீக்கும் ஊசிக்கும் வேறு வேறு பக்கம்.

மழுங்கிய ஊசியையும் அவர் எறிவதில்லை. ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து, பொடி உப்புத்தாளில் முனையை உருட்டி உருட்டித் தேய்த்து மறுபிறவி கொடுப்பார். பத்தில் மூன்று பிழைக்கும். பிழைத்ததில் ஒன்று நூலை அறுக்கும். வீட்டம்மா இதற்கு 'ஊசி ஆஸ்பத்திரி' என்று பேர் வைத்திருக்கிறார்.

இந்த வைத்தியம் தனக்கு மட்டுமே தெரிந்தது என்றுதான் அவர் இருந்தார், அக்கா மகன் டெக்சாஸிலிருந்து வீடியோ காலில் வரும் வரை.

"மாமா, இங்க பிரைமர் வெல ஏறிப் போச்சுங் மாமா."

"செவுத்துக்கு ஒரு கோட்டு போதும் மாப்ள. எதுக்கு ரெண்டு அடிக்கிற?"

மாப்பிள்ளை சொன்னது சுண்ணாம்புச் சுவருக்கு அடிக்கும் பிரைமர் இல்லை. வார இறுதியில் அவர் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போகிறவர். சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, வீட்டுக் கராஜில் மருந்தும் ஈயக் குண்டும் புதிதாக வைத்து மறுபடி தோட்டா ஆக்குவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. கூடு பல தடவை உழைக்கும். கூட்டின் அடியில் பொருத்தும் பொட்டு அளவுக் கிண்ணம் மட்டும் ஒரே அடிக்குத் தீரும். நம் தீபாவளி ரோல் கேப்புக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். அடித்ததும் பொறி பறந்து மருந்தைப் பற்றவைக்கும். அதற்குப் பேர்தான் பிரைமர். ஆயிரம் ஆயிரமாக வாங்குவார்கள். 2020-க்கு முன் ஒன்று ஏறத்தாழ 3 சென்ட். கொரோனாக் காலத் தட்டுப்பாட்டில் விலை பல மடங்காகி, பிறகும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. சிசிஐ, ஃபெடரல் போன்ற உள்ளூர்ப் பெயர்களை வாங்குவதா, செக் நாட்டு செல்லியர் பெல்லோவா, போஸ்னியாவிலிருந்து வரும் கினெக்ஸா? சரியாக வேலை செய்யாத பிரைமர் மாட்டினால் விசையை இழுத்ததும் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும்.

"அப்ப நம்ம மேல் தட்டு ஊசி மாதிரி" என்றார் மாமா. ஒரே நொடியில் புரிந்துவிட்டது. "ஒண்ணுக்கு எத்தன சென்ட் கம்மி?"

"ஒண்ணரைங் மாமா. ஆனா அந்தக் கடை அறுபது மைல்."

"போயிட்டு வா" என்றார், பெட்ரோல் கணக்கு என்ன என்று கேட்கவே இல்லை. அக்கா மகன் குடும்பப் பேரைக் காப்பாற்றிவிட்டான் என்ற பெருமை முகத்தில் தெரிந்தது. இந்தப் பொழுதுபோக்கில் யாரும் மிச்சம் பிடித்ததில்லை, மிச்சம் பிடித்த காசுக்கும் சேர்த்துச் சுட்டுவிடுவார்கள் என்று அந்த வட்டத்திலேயே ஒரு கிண்டல் உண்டு. அதை மாப்பிள்ளை சொல்லவில்லை. "நம்மூர்லயும் செய்யலாமா?" என்று மாமா ஆவலாகக் கேட்டதற்கு மட்டும் பதறினார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியாவில் தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். கொட்டகையில் செய்தால் அடுத்த வீடியோ கால் ஸ்டேஷனிலிருந்துதான். மாமா உப்புத்தாளோடு ஊசிக்கே திரும்பினார்.

பேரில்லாத ஊசி ஒரு வியாழக்கிழமை இரவு பழி வாங்கியது. மறுநாள் லோடு போக வேண்டும். ஓவர்லாக்கில் ஊசி நாலாக முறிந்தது. மூன்று துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை.

துணித் தொழிலில் இது சாதாரணச் சங்கதியில்லை. குழந்தை பனியனுக்குள் ஊசி முனை போய்விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானில் 1994-ல் இயற்றி 1995 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பொருள் பொறுப்புச் சட்டம், பொருளின் குறையால் காயம் பட்டால் தயாரித்தவரும் இறக்குமதி செய்தவரும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. இந்தப் பயத்தில் பையர்கள் ஊசிக்கென்றே சட்டதிட்டம் வைத்திருக்கிறார்கள். பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புது ஊசி. முறிந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, ரிஜிஸ்டரில் தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதி டேப்பால் ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தால் அந்த மெஷினைச் சுற்றியுள்ள சரக்கு முழுக்க, ஒரு மில்லிமீட்டர் இரும்பைக்கூடக் கண்டுபிடிக்கும் நீடில் டிடெக்டரில் போய் வர வேண்டும். அது இருப்பது கம்பெனியில்.

எட்டுப் பேர் செல்போன் வெளிச்சத்தில் தரையைத் தடவினார்கள். காந்தத்தைக் கயிற்றில் கட்டி மெஷினுக்கு அடியில் இழுத்தார்கள். கைமடிப் பெண் தன் பின்னலை அவிழ்த்து உதறினாள். ராத்திரி பதினொன்றுக்கு 600 பீஸ் ஆம்னி வேனில் ஏறிக் கம்பெனிக்குப் போய், டிடெக்டரில் ஒவ்வொன்றாக நுழைந்து வெளியே வந்தது. ஒன்றும் சத்தம் போடவில்லை. வேன் வாடகை, டெய்லர்களுக்கு அரை ஷிப்ட், பரோட்டா எல்லாம் அவர் கணக்கில்.

விடியற்காலை நாலு மணிக்குக் களைத்துப் போய் வெளியே வந்தவர் கம்பெனி வாசலில் செருப்பை மாட்டினார். நடக்கும்போது வலது கால் சிமென்ட்டில் 'கிறிச்' என்றது. கழற்றிப் பார்த்தால், தேடிய முனை ரப்பர் அடிப்பாகத்தில் குத்தி நிற்கிறது. ராத்திரி முழுக்க அவரே அதைக் கொட்டகைக்கும் வேனுக்கும் சுமந்து நடந்திருக்கிறார்.

அந்த நாலு துண்டும் இப்போது ரிஜிஸ்டரில் இருக்கின்றன. மேலே ஒட்டிய டேப் மட்டும் நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கியது. மலிவு டேப் ஆடிட்டுக்கு முன்னாலேயே பிய்ந்து வந்துவிடுமாம்.