கண்ணைச் சுருக்கினால் கோபுரம்

சிதம்பரம் கீழக் கோபுரத்தை எண்ணெய் வண்ணத்தில், தூரிகையை அதன் போக்கில் விட்டு வரைவதற்கு முதல் தகுதி, பாதிக் கண்ணை மூடத் தெரிவது. அப்போது ஏழு நிலைகளிலும் நெருக்கியடித்து நிற்கும் சுதைச் சிற்பங்கள் மறைந்து, வெயில், நிழல் என இரண்டே திட்டுகள் மிஞ்சும். டர்பன்டைனில் கரைத்த மெல்லிய வண்ணம் முதலில். எண்ணெய் மிகுந்த கெட்டி வண்ணம் அதன்மேல். வரிசை மாறினால் பின்னாளில் படம் வெடிக்கும். நிழலுக்குக் கறுப்பைப் பிதுக்காமல் அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா பழுப்பைக் கலப்பது உத்தமம். பன்றிமயிர்த் தட்டைத் தூரிகையில் ஓர் இழுப்புக்கு ஒரு நிலை. திரும்பத் தடவினால் சேறு.

உண்மையான சிரமம் முதுகுக்குப் பின்னால் வேடிக்கை பார்த்தபடி நிற்கிறது. திட்டக்குடியில் வெள்ளாற்றங்கரை வைத்தியநாத சுவாமி கோயிலை வரைந்து பழகியவருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல: “ஏன் தம்பி, பொம்மையெல்லாம் எங்க?” கோபுர வாயிலில் 108 நடனக் கரணங்களைக் கல்லில் செதுக்கியவர்கள் ஒன்றையும் விடவில்லையே என்பது அடுத்த கணை. ஓவியர் குளோத் மொனே 1890களில் ரூவான் தேவாலய முகப்பை முப்பது கித்தான்களுக்குமேல் வரைந்தார். எதிலும் ஒரு புனிதரின் மூக்கு பிடிபடாது. இந்த மேற்கோள் கீழ வீதியில் செல்லாது.

எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வரவே நாள்கணக்காகும். விருத்தாசலம் வழியாகத் திட்டக்குடி திரும்பும் பேருந்திலோ வெள்ளை வேட்டிகள் அதிகம். ஆகவே கித்தானின் ஈரப் பக்கத்தைத் தன் சட்டையைப் பார்த்தபடி பிடித்துக்கொள்வதே முறை.