எசன்ஸும் எக்ஸ்ட்ராக்டும்

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் 'வீட்ல செஞ்சது' என்றால் கடையில் வாங்க வக்கில்லை என்று அர்த்தம். விருந்தாளி வந்தால் முறுக்கைக்கூட 'காஞ்சிபுரத்துல வாங்கினது' என்று சொல்லி வைத்தவர்கள் உண்டு. இப்போது ஒரகடத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பாருங்கள். 'ஹோம் மேட்' என்ற வார்த்தைக்கு மட்டும் தனியாக நூறு ரூபாய். பகலெல்லாம் ரோபோ பூட்டிய காரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள், சாயங்காலம் அந்த நூறு ரூபாயைச் சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள்.

ஹாக்கின்ஸும் பிரஸ்டீஜும் 1959-லேயே இந்தியாவில் குக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டன. எங்கள் தெருவுக்கு அது வந்து சேர இன்னும் இருபது வருஷம் பிடித்தது. வந்ததும் என் அக்கா அதில் முதலில் செய்ய ஆசைப்பட்டது சோறு அல்ல, கேக். ஏதோ பத்திரிகையில் வந்த குறிப்பு. கேஸ்கட்டைக் கழற்றி, வெயிட்டை எடுத்துவிட்டு, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பாலாற்று மணலைக் கொட்டிச் சூடேற்ற வேண்டும். அப்போது மணல் சும்மா கிடைத்தது; இப்போது அந்தக் குறிப்பை எழுதுகிறவர்கள் உப்பு போடச் சொல்கிறார்கள். டால்டாவும் சர்க்கரையும் குழைத்து, முட்டை அடித்து ஊற்றி, மைதாவைச் சலித்துப் போட்டு, கடைசியில் அந்தச் சின்னப் பாட்டில். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுவாள். கூட ஒரு சொட்டு விழுந்தால் அம்மா 'பணத்தக் கொட்டறா பாரு' என்பாள். ஈர்க்குச்சியைக் குத்தி, ஒட்டாமல் வந்தால் கேக் வெந்தது. அன்றைக்குத் தெரு முழுக்கத் தெரியும், எங்கள் வீட்டில் எசன்ஸ் பாட்டில் இருக்கிறது என்று. மூடியோடு கடன் கேட்டு வந்தவர்களும் உண்டு.

அந்தப் பாட்டிலில் இருந்தது வெனிலா இல்லை, வெனிலின். 1874-ல் டீமான், ஹார்மான் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் பைன் மரச் சாற்றிலிருந்து கிடைத்த ஒரு பொருளைக் கொண்டு செயற்கையாகச் செய்து காட்டியது. இன்றைக்குப் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் குவையகோல் வழியாகத் தயாராகிறது. அக்கா மூச்சடக்கிச் சொட்டிய மணத்துக்கும் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கும் தூரத்துச் சொந்தம். யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். கம்பெனிச் சரக்கு என்பதுதான் அதன் பெருமையே.

பிறகு கம்பெனிகளே ஊருக்கு வந்துவிட்டன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிக்கொண்டு போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. வேர்க்கடலைக் கொல்லைகள் எங்கே இருந்தன என்று இப்போது கேட்டால் நானே ஏதாவது ஒரு காம்பவுண்டு சுவரைத்தான் காட்ட வேண்டும்.

நான் பாய்லர் ஆள். 1923-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கி, ஒரு தொழிற்சாலையில் ஓய்வு பெறும் வரை கேஜ் கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வைக்க வேண்டும் என்றது அப்போதிருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். எங்கள் கேன்டீனில் இட்லிக்கும் சாம்பாருக்கும் என் பாய்லரிலிருந்துதான் ஸ்டீம் போனது. வியாழக்கிழமை மத்தியானம் கஸ்டர்டு. அதற்கு மாஸ்டர் எசன்ஸை ஐந்து லிட்டர் கேனிலிருந்து சாய்த்து ஊற்றுவார். சொட்டெல்லாம் கிடையாது, மடமடவென்று. அக்கா பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பாள். ஊற்றும்போதே இன்னொரு கையால் பீடியைத் தேடுகிற மனுஷன் அவர்.

நிஜமான வெனிலாக் காயை நான் முதலில் பார்த்ததும் அந்த பாய்லர் ஹவுஸில்தான். 2000-ல் ஹுடா என்ற புயல் மடகாஸ்கரைப் புரட்டிப் போட்டதில் உலகச் சந்தையில் வெனிலா விலை ஏறிக்கொண்டே போனது. கேரளம், கர்நாடகம், நம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் எல்லாரும் தென்னைக்கும் பாக்குக்கும் நடுவில் கொடியை ஏற்றினார்கள். என்னோடு வேலை செய்த பொள்ளாச்சிக்காரர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது சட்டைப் பையில் ஒரு காயைக் கொண்டுவந்தார். கறுத்து, சுருங்கி, எண்ணெய் மினுக்கோடு இருந்தது. இதற்காக ராத்திரியில் நாய் கட்டிக் காவல் இருக்கிறோம் என்றார். நாங்கள் சிரித்தோம்.

அவர் சொல்லச் சொல்லத்தான் சிரிப்பு அடங்கியது. இது ஆர்க்கிட் ஜாதிக் கொடி, சொந்த ஊர் மெக்சிகோ. இங்கே பூவில் மகரந்தம் சேர்க்கிற வேலையைப் பூச்சி செய்யாது. பூ ஒரே ஒரு காலைதான் விரிந்திருக்கும். மத்தியானத்துக்குள் ஒவ்வொரு பூவாக மெல்லிய குச்சியால் உள்ளிருக்கும் சவ்வைத் தூக்கி, விரலால் அழுத்திச் சேர்த்துவிட வேண்டும். இந்த வித்தையை 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்தான். இன்றைக்கும் அதே வித்தைதான். எந்த ரோபோவும் வரவில்லை. காய் முற்ற ஒன்பது மாதம். பறித்த காய்க்கு மணமே கிடையாது. 63 முதல் 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிஷம் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, தினம் கொஞ்ச நேரம் வெயில் காட்டி, மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். ஆறேழு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ மிஞ்சும். அத்தனை பாடும் பட்ட பிறகு, சில வருஷத்திலேயே விலை அதலபாதாளத்துக்குப் போனது. அவர் கொடியை வெட்டிப் போட்டார். சட்டைப் பையில் வந்த அந்தக் காயை என்ன செய்வதென்று தெரியாமல் நான் பீரோவில் வேட்டிக்கு நடுவே வைத்தேன். வேட்டி ரொம்ப நாள் மணத்தது.

இப்போது என் மருமகளுக்கு அந்தக் காய் கூரியரில் வருகிறது. இரண்டிரண்டாகக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, ரத்தப் பரிசோதனைக்கு எடுத்த மாதிரி. மருமகள் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்டரின் பேரில் கேக் செய்கிறாள். எசன்ஸ் பாட்டிலை அவள் சமையலறையில் பார்க்க முடியாது. "கெமிக்கல் மாமா" என்கிறாள், நாள் முழுக்கக் கெமிக்கலோடு இருந்துவிட்டு வந்து. அதற்குப் பதில் காயிலிருந்து எக்ஸ்ட்ராக்டைத் தானே எடுக்கக் கிளம்பினாள்.

"ஒரு வருஷம் ஊற வேண்டியதை குக்கர்ல ஒரு மணி நேரத்துல எடுத்துடலாமாம் மாமா. சைக்கிள் டைம் எவ்ளோ குறையுது பாருங்க."

"எதுலம்மா ஊறணும்?"

"வோட்கா."

உள்ளேயிருந்து என் மனைவி, "என்னது?" என்றாள்.

அரசாங்கக் கடைக்கு மகன் போனான். பெருமாள் படம் இருக்கும் சமையலறைக்குள் அந்தப் பாட்டில் வரக்கூடாது என்று மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டதால் அது செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் குடியேறியது. ராமானுஜர் அவதரித்த ஊர்க்காரி. அவளைக் குறை சொல்வதற்கில்லை.

மருமகள் கணக்கு சரியாகத்தான் வைத்திருந்தாள். அமெரிக்காவில் எக்ஸ்ட்ராக்ட் என்று பேர் போட்டு விற்க வேண்டுமானால் 35 சதவீதமாவது ஆல்கஹால் இருக்க வேண்டும், லிட்டருக்குச் சுமார் 100 கிராம் காய் போட்டிருக்க வேண்டும். நம்மூர் வோட்கா 42.8 சதவீதம். கால் லிட்டருக்கு ஏழெட்டுக் காய். நீளவாக்கில் கீறி, கத்தியின் முதுகால் உள்ளிருக்கும் கறுப்பு விழுதை வழித்து, தோலைத் துண்டாக்கிக் கண்ணாடி ஜாடியில் போட்டாள். குக்கரில் தட்டு, தட்டின் மேல் ஜாடி, அடியில் தண்ணீர், மேலே வெயிட். வெயிட் தூக்கும்போது உள்ளே 120 டிகிரி.

அங்கேதான் நான் குறுக்கே நின்றேன். ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஜாடியை இறுக்கி மூடினால் உள்ளழுத்தம் குக்கரின் அழுத்தத்தையும் தாண்டிக் கண்ணாடியை உடைக்கப் பார்க்கும். தளர்த்தி மூடினால் ஆல்கஹால் ஆவியாகி வெயிட் வழியாக வெளியே வரும், கேஸ் அடுப்புச் சுடருக்குப் பக்கத்திலேயே. வோட்காவின் ஆவி தீப்பிடிக்க 26 டிகிரி போதும். எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையை விட்டால் வேறு எப்போது 26-க்குக் கீழே இருக்கிறது?

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டை எடுத்து எஃப்.எம்.இ.ஏ. போட்டாள். கோளாறு நேர்ந்தால் எவ்வளவு மோசம், எத்தனை தடவை நேரலாம், முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்று மூன்றுக்கும் பத்துக்கு மார்க் போட்டுப் பெருக்கும் கார் கம்பெனி வழக்கம். முதல் கட்டத்தில் அவளே பத்து போட்டாள். ஆனாலும் காயைக் கீறியாகிவிட்டது. கேஸ் வேண்டாம், மொட்டை மாடியில் இண்டக்‌ஷன் அடுப்பு, ஜாடி மூடி தளர்வாக, யாரும் கிட்டே போகக்கூடாது என்று முடிவானது. அதற்கும் எனக்குச் சம்மதமில்லை. உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அக்கம்பக்கத்து மாடிகளில் துணி எடுக்க வந்தவர்கள் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கள் மாடியையே ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

பிரஷர் தானாக அடங்கும் வரை பொறுத்துத் திறந்தால், கறுகறுவென்று வந்திருந்தது. வோட்காவில் நல்ல பங்கு காற்றோடு போய்விட்டது. மணம் இருந்தது, ஆனால் முன்னால் ஓடிவந்து நிற்கும் மணம். பின்னால் ஒன்றும் இல்லை. மருமகள் அதில் பேட்ச் நம்பர், தேதி எழுதி மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினாள். கம்பெனியில் மஞ்சள் என்றால் 'ஹோல்ட்'. மிச்சக் காயை வேறு பாட்டிலில் வோட்கா ஊற்றிப் பேசாமல் செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிட்டாள். சைக்கிள் டைம் பேச்சு நின்றது. மழைக்காலம் போய், வெயில் ஏறி, அதற்குப் பச்சை ஸ்டிக்கர் கிடைத்தது.

2024-ல் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறந்தார்கள். அந்தப் பக்கத்து விடுதிப் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு மருமகளிடம் அரைக் கிலோ கேக் சொல்வதுண்டு. பத்துப் பேர் காசு போட்டு வாங்குவார்கள். அவர்களிடம் அந்த நூறு ரூபாயை அவள் வாங்குவதில்லை. அவர்களும் ஹோம் மேடா என்று கேட்பதில்லை. மேலே பேர் சரியாக எழுதியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். போன சித்திரைத் திருவாதிரை உற்சவ சமயத்தில் கோயில் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் பேரனின் பிறந்தநாளுக்குச் சொல்ல வந்தார். முட்டை இல்லையே? இல்லை. முட்டை போட்ட பாத்திரத்தில் செய்ய மாட்டீங்களே? தனிப் பாத்திரம். ஜெலட்டின்? கிடையாது. எசன்ஸ்?

"எசன்ஸ் தொடறதே இல்லைங்க. வெனிலா எக்ஸ்ட்ராக்ட். நானே வோட்காவுல ஊற வச்சது" என்று மருமகள் ஒளிக்காமல் சொன்னாள். குவாலிட்டியில் இருப்பவள்.

"வீட்லயே பண்ணதா! அப்ப சரி. ஒரு கிலோவா போட்டுடும்மா" என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் என் மனைவி என்னிடம் வந்தாள். "ஏங்க, அந்தப் பாட்டில எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வைங்க. ஆர்டர் குடுக்க வர்றவங்க செருப்பு ஸ்டாண்டுல பார்த்தா நல்லாவா இருக்கும்?"